இருபத்தொன்பது செக்கன்

பஞ்சலிங்கம் இறந்த இருபத்தெட்டாம் நாள், காலை ஏழு பத்துக்கு, தனுசியா கணினியின் பிளக்கைச் செருகி ஆளியை அழுத்தினாள். விசிறி சுற்றியது. திரை கறுப்பாகவே இருந்தது. மனதுக்குள் எண்ணினாள். இருபத்தொன்பது வந்தது. அறுபது வந்தது. பிறகு பெட்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம். டக், டக் என்று விட்டு விட்டுக் கேட்டது.

பிளக்கைக் கழற்றினாள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினாள். அதே சத்தம்.

இன்னும் மூன்று நாளில் முப்பத்தோராம் நாள். காலையில் கீரிமலையில் அந்தியேட்டிக் கிரியை, மத்தியானம் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டு எழும்புகிறவர்களின் கையில் ஆளுக்கொரு கல்வெட்டு கொடுக்க வேண்டும். இறந்தவரின் படம், வாழ்க்கை, வம்சாவழி, நாலு பதிகம் சேர்த்து அடிக்கிற சிறு புத்தகத்துக்கு யாழ்ப்பாணத்தில் அதுதான் பெயர். தனுசியா பதினொரு வருடமாக மருதனார்மடத்தில் தன் வீட்டு முன்னறையில் இருந்து கல்வெட்டுச் செய்கிறாள். இதை நாளைப் பின்னேரத்துக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

வேறு ஆளுடையது என்றால் திரும்பச் செய்துவிடலாம். படத்தைத் திரும்ப வாங்கலாம். வம்சாவழியைக் கனடாவுக்கும் லண்டனுக்கும் கதைத்து எழுதலாம். பஞ்சலிங்கத்தின் வாழ்க்கையை அவரே சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் அவர் ஸ்டோர்கீப்பராக இருந்தவர். கடைசி வருடங்களில் சீனி வியாதியால் கண் மங்கிவிட்டது. எழுத முடியவில்லை. ஆவணி மாதத்தில் ஆறு பின்னேரம் ஓட்டோவில் வந்தார். பிளாஸ்ரிக் கதிரையில் நிமிர்ந்து இருந்து சொன்னார். அவள் நேராகக் கணினியில் தட்டினாள்.

முதல் நாள் அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பதற்குள் திரை வெளிச்சமாகிவிட்டது.

"அதுக்குள்ளை எழும்பீட்டுதோ?"

"ஓம் ஐயா. முந்திப் பதினொரு நிமிசம் எடுக்கும். இப்ப ஒண்டு போட்டிருக்கு, இருபத்தொன்பது செக்கன்."

"எங்கடை ஸ்டோரிலை ஆராவது உவ்வளவு கெதியாச் சாமான் எண்ணினால் நான் திரும்ப எண்ணச் சொல்லுவன்."

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"நான் சொல்லுறது உதுக்குள்ளை மட்டும்தான் கிடக்குமோ?"

"இல்லை ஐயா. நான் தட்டத் தட்ட ஒரு பிரதி இன்ரநெற்றிலை போய்ச் சேரும். இந்த வீடு எரிஞ்சாலும் அது கிடக்கும்."

"அப்ப சரி. கடதாசியிலை எடுக்க வேண்டாம். நான் இருக்கேக்கை அவ வாசிக்கக் கூடாது."

அவ என்றால் அவருடைய மனைவி ஞானாம்பிகை. ஆறு பின்னேரமும் அவர் மனைவியின் பெயரைச் சொல்லவில்லை. அவ என்றார்.

கடதாசியில் எடுக்கமாட்டேன் என்று தனுசியா வாக்குக் கொடுத்தாள். எடுக்கவும் இல்லை.

*

அந்தப் பக்கத்தில் வேலை முடிந்தால் எதையும் பிளக்கில் விடுவதில்லை. கறண்ட் சொல்லாமல் போகும். வரும்போது துள்ளி வரும். மாரியில் மின்னல். அயல்வீட்டில் ஒரே இடியோடு ரீவியும் பிரிஜ்ஜும் போனது. ஆகவே தனுசியா ஒரு பக்கம் அடித்து முடித்தாலும் கணினியை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, வயரைச் சுற்றி மேசைக்கு மேலே வைத்துவிடுவாள். ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நிறுத்துவாள். ஐந்தாறு முறை எழுப்புவாள். ஒவ்வொரு முறையும் பதினொரு நிமிடம். ஆளியை அழுத்திவிட்டு உலையில் அரிசி போட்டுவிட்டு வருவாள். செத்த வீட்டுக்காரர் முன்னறையில் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

அதனால்தான் போன பங்குனியில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனாள். சந்தைக்கு எதிரே குகதாசனின் திருத்தகம். குகதாசன் அவளுடைய அக்காவின் புருசன்.

அரை மணித்தியாலத்தில் அவர் கணினியைக் கெதியாக எழுப்புகிற நிரல் ஒன்றைப் போட்டுவிட்டார். திரையின் மூலையில் ஒரு சின்ன ராக்கெட் வந்து உட்கார்ந்தது. கைபேசியில் நேரம் பிடித்துக் காட்டினார்.

"பார், இருபத்தொன்பது."

"பயமில்லையோ அத்தான்? சும்மா தாற சாமான்."

"விசர்க்கதை கதையாதை. உலகம் முழுக்கப் பாவிக்குது. கூடாத சாமான் எண்டால் நான் உனக்குப் போடுவனோ?"

அதற்குமேல் அவள் கேட்கவில்லை. தகப்பன் இறந்தபோது பந்தல் போட்டவர் அவர். அம்மாவின் கண் ஒப்பரேசனுக்கு ஆசுப்பத்திரியில் இரண்டு நாள் நின்றவரும் அவர்தான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு முறை கணினி எழும்பும்போதும் ராக்கெட் ஒரு கணக்குச் சொன்னது. இத்தனை செக்கன். தேவையற்ற பன்னிரண்டு நிரல்கள் நிறுத்தப்பட்டுள்ளன. பக்கத்தில் 'பட்டியலைப் பார்க்க' என்று ஒரு பொத்தான் இருந்தது. அவள் செக்கனைப் பார்த்தாள். பட்டியலைப் பார்க்கவில்லை.

*

குகதாசன் பெட்டியைத் திறந்து காதை வைத்துக் கேட்டார்.

"டிஸ்க் செத்துப்போச்சு. கொழும்புக்கு அனுப்பிப் பாக்கலாம். மூண்டு கிழமை செல்லும். வரும் எண்டும் சொல்லேலாது."

"பரவாயில்லை அத்தான். பிரதி கிடக்கு. வேறை டிஸ்க் போட்டுத் தாங்கோ, இறக்கியெடுப்பம்."

அவர் திருப்புளியை எடுத்தார். வைத்தார். வேறு திருப்புளியை எடுத்தார்.

அவள் கைபேசியில் கணக்கைத் திறந்தாள். அவளுடைய கோப்புகள் வரிசையாக வந்தன. பதினொரு வருடத்துச் செத்தவர்கள். கீழே போனாள், திரும்ப மேலே வந்தாள். பஞ்சலிங்கம் இல்லை. ஆவணியில் எதுவும் இல்லை. ஆடியில் இல்லை. கடைசியாகப் பிரதி எடுத்த திகதி என்று ஒன்று இருந்தது. மார்ச் பதினொன்று.

அவளுக்கு அந்த நாள் நினைவிருந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு இதே கதிரையில் வந்து இருந்த நாள்.

"அத்தான், இது பதினொண்டாம் திகதியோடை நிண்டிட்டுது."

அவர் கைபேசியை வாங்கிப் பார்த்தார். திருப்பித் தந்தார்.

"ஓம்."

"ஓம் எண்டால்?"

"உது மெசின் எழும்பேக்கை தானாத் தொடங்கிற புரோகிராம். அதுதான் உன்ரை மெசினைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு நிண்டது. ராக்கெட் அதையும் நிப்பாட்டிப் போட்டுது."

"தானா நிப்பாட்டினதோ?"

வெளியே சந்தையில் ஒருவன் மரவள்ளிக் கிழங்குக்கு விலை கூவினான். குகதாசன் அதைக் கேட்பவர்போல இருந்தார்.

"கேட்டது," என்றார். "இது பிரதி எடுக்கிற புரோகிராம், நிப்பாட்டவோ எண்டு கேட்டது. நான் ஓம் எண்டு அமத்தினனான். அதை விட்டால் மூண்டு நிமிசத்துக்குக் கீழை வராது. நீ அண்டைக்கு என்ன சொன்னனி? ஆக்கள் காத்துக்கொண்டிருக்கினம், கெதியா எழும்ப வேணும் எண்டு சொன்னனி."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருப்பன்."

"சொல்லேல்லை அத்தான்."

"அப்ப மறந்திருப்பன். கிழமைக்கு ஒருக்கா ஓடுற மாதிரிப் போட்டுவிடுவம் எண்டு நினைச்சனான். மகளின்ரை சாமத்திய வீட்டு அலுவலோடை விட்டுப்போச்சு."

ராக்கெட் கேட்டிருக்கிறது. அவள் அதை நினைத்தாள். யாரோ எழுதிவிட்ட ஒரு நிரல், அவளை அறியாத ஒன்று, நின்று கேட்டிருக்கிறது.

கறண்ட் போனது. ஐந்து நிமிடத்தில் வந்தது. குகதாசன் தன் மேசையிலிருந்த கணினியை எழுப்பினார். இருவரும் அதன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்க்க வேறு எதுவும் இருக்கவில்லை. ஒரு நிமிடம் போனது. இரண்டு, மூன்று. நாலாவது நிமிடத்தில் அவருடைய மகளின் படம் திரையில் வந்தது. பிறகு சின்னச் சின்ன அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவள் நாலு மூலையும் பார்த்தாள்.

"உங்கடையிலை ராக்கெட் இல்லையோ?"

"இல்லை." அவர் ஆணியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஏன் அத்தான்?"

"கடைச் சாமான் முழுக்க இதுக்குள்ளை எல்லோ கிடக்கு. என்னத்துக்கு விஷப்பரீட்சை எண்டு..."

அவர் நிறுத்தினார். ஆணி விரலுக்கிடையில் இருந்தது.

தனுசியா எழும்பினாள். கைப்பையை எடுத்தாள்.

"இஞ்சை பார்," என்றார் குகதாசன். "நீ யோசியாதை. ஊருக்கெல்லாம் நீதானே எழுதிக் குடுக்கிறாய். அவர் சொன்னதெல்லாம் உனக்கு நினைப்பிருக்கும். அவற்றை மாதிரியே எழுதிவிடு. செத்தவர் வந்து திருத்தப் போறாரோ?"

*

மத்தியானம் அக்கா கைபேசியில் எடுத்தாள்.

"இந்த மனிசன் சோத்தைத் தொடேல்லை. நீ என்ன சொன்னனி?"

"நான் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப ஏன் மூஞ்சையைத் தூக்கி வைச்சுக்கொண்டு இருக்கிறார்?"

"அவரைக் கேள் அக்கா."

"கேட்டனான். கொம்பியூட்டர் பழுதாப்போச்சாம், நீ கோவமாம். ஒரு பெட்டிக்காகச் சொந்தத்தோடை கொளுவுவாய் போலை."

"நான் கொளுவேல்லை."

"கொளுவினாலும் பரவாயில்லை. நீ பேசாமல் வந்திட்டியாம். அதுதான் அவருக்குச் செமிக்குதில்லை."

பின்னேரம் குகதாசன் ஓட்டோவில் ஒரு லப்டொப் அனுப்பினார். புதிது, அவருடைய கடையில் விற்கிறது. திறந்தாள். மூலையில் ராக்கெட்.

அவள் முதலில் அதை அழித்தாள். அழிக்கும்போது அது ஒரு கேள்வி கேட்டது. எங்களை நீக்குவதற்கான காரணம் என்ன? கீழே நாலு பதில். மெதுவாக இயங்குகிறது. பாவிக்கக் கடினம். வேறொன்றை விரும்புகிறேன். தற்காலிகமாக மட்டும். அவள் நாலையும் வாசித்தாள். எதையும் அழுத்தாமல் மூடினாள்.

பிறகு எழுத இருந்தாள்.

முதல் ஐந்து பின்னேரமும் நினைவில் வந்தன. பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், தொழிற்சாலையில் முதல் நாள், சீமெந்துத் தூசியில் வெளுத்த தென்னோலைகள், ஸ்டோர்ப் பூட்டுகளுக்கான நாற்பத்திரண்டு திறப்புகள். அவர் சொன்ன ஒழுங்கில்தான் வந்தன. சில இடங்களில் அவருடைய சொல்லே வந்தது. அவள் நம்பத் தொடங்கினாள்.

ஆறாம் பின்னேரத்தில் அவர் தொண்ணூறாம் ஆண்டைச் சொன்னார்.

ஆனி மாதம். ஷெல் விழுந்துகொண்டிருந்தது. ஊர் முழுக்க நடக்கத் தொடங்கியது. அவ ஆறு மாதம். கலியாணமாகிப் பத்து வருடத்துக்குப் பிறகு தரித்த பிள்ளை. படலையில் நின்று, வாங்கோ போவம் என்றா. அவர், நீ நட, நான் திறப்பை ஒப்படைத்துவிட்டு வாறன் என்றார். தொழிற்சாலையில் ஒப்படைக்க ஒருவரும் இல்லை. எஞ்சினியர் வருவார் என்று மூன்று மணி வரைக்கும் வாசலில் இருந்தார். அவ தனிய நடந்தா, அளவெட்டி மட்டும். அன்று இரவு அங்கே பள்ளிக்கூட விறாந்தையில் பிள்ளை கலைந்தது. அவர் அடுத்த நாள் வந்து சேர்ந்தார். திறப்புக்கோர்வை அப்பவும் மடியில் இருந்தது. பிறகு அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

இவ்வளவும் தனுசியாவுக்கு நினைவிருந்தது. இதைச் சொல்லிவிட்டு அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டார். பிறகு மூன்று வசனம் சொன்னார். அவை அவவுக்கானவை என்று அவளுக்குத் தெரியும். அவள் அந்த மூன்றையும் தட்டினாள்.

அந்த மூன்றும் வரவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். அவர் துடைத்த துணி வந்தது. அது நீலக்கட்டம் போட்ட லேஞ்சி. வெளியே ஓட்டோக்காரன் இருமியது வந்தது. வசனங்கள் வரவில்லை. அவற்றைக் கேட்டவை விரல்கள். பிரதி போய்க்கொண்டிருக்கிறது என்ற எண்ணத்தில் மனம் அவற்றை வாங்கவில்லை. அந்த நேரம் அவள் தாங்கியில் தண்ணீர் நிரம்பியிருக்குமோ என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அதுவும் இப்போது தெளிவாக நினைவு வந்தது.

அவர் மன்னிப்புக் கேட்டாரா? கேட்டிருக்கலாம். திறப்பைப் பற்றி மட்டும் சொல்லியிருக்கலாம். எஞ்சினியரைத் திட்டியிருக்கலாம். அவருடைய குரல் தணிந்திருந்தது. அதை வைத்து எதையும் எழுத முடியாது.

மறுநாள் காலையில், பக்கத்தின் அடியில் மூன்று வசனத்துக்கு இடம் வெறுமையாக இருந்தது. அவள் எழுதினாள். 'அன்று நான் அவளோடு நடந்திருக்க வேண்டும். அந்தப் பிழையை நான் ஒரு நாளும் மறக்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.'

வாசித்தாள். நன்றாக இருந்தது. அவள் எழுதிய எல்லாக் கல்வெட்டுகளும் அப்படித்தான் நன்றாக இருந்தன. அழித்தாள். இடம் திரும்ப வெறுமையானது. அந்த இடத்தை மூடிவிட்டுப் பார்த்தாள். அவர் திறப்பை மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்வதோடு கதை முடிந்தது. அப்படி முடிந்தால் அவர் ஈரமில்லாத மனிதராகத் தெரிந்தார்.

அவள் மூன்று வசனத்தையும் திரும்ப எழுதினாள்.

*

முப்பத்தொன்று கழியும்வரை ஞானாம்பிகை படலை தாண்டமாட்டா. ஆகவே பக்கங்களைக் கடதாசியில் எடுத்து, தனுசியா ஸ்கூட்டியில் தெல்லிப்பழைக்குப் போனாள். வழியில் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தாள். மாமி, டிஸ்க் பழுதாப்போச்சு. மாமி, இது என்ரை நினைப்பிலை இருந்து எழுதினது. இரண்டு வசனம்தான். கிழக்கே மழை இருட்டிக்கொண்டு நின்றது.

வீட்டில் அந்தியேட்டிக்குச் சாமான் வந்திறங்கியிருந்தது. விறாந்தையில் அரிசி மூட்டைகள். ஞானாம்பிகை அவற்றுக்குப் பக்கத்தில் வாங்கில் இருந்தா. கையை நீட்டி வாங்கினா. உடனே வாசிக்கவில்லை. மடியில் வைத்து இரண்டு கையாலும் ஒருமுறை தடவினா.

"நீர் இரும் பிள்ளை. தேத்தண்ணி கொண்டருவினம்."

"வேண்டாம் மாமி. நான் உங்களுக்கு ஒண்டு..."

"கடைசி நாள் உம்மட்டை வந்திட்டுப் போய்ச் சாப்பிடேல்லை, அறிவீரோ? என்னப்பா எண்டு கேட்டன். சொல்ல வேண்டியதை அங்கை சொல்லிப்போட்டன், முப்பத்தொண்டுக்குப் பார் எண்டார். அவருக்குப் பகிடி. நாலு மாதம் நான் வாய் திறந்து கேக்கேல்லை."

"மாமி..."

"செத்த வீட்டிலையும் நான் அழேல்லை. கல்லு மாதிரி இருக்கிறா எண்டு சனம் கதைச்சது. கதைக்கட்டும். இதை வாசிச்சிட்டு அழுவம் எண்டு வைச்சிருக்கிறன்."

தனுசியா வாங்கின் மற்ற நுனியில் இருந்தாள்.

ஞானாம்பிகை கண்ணாடியைப் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் கீழே விரலை வைத்து வாசித்தா. பள்ளிக்கூடம் வந்த இடத்தில் சிரித்தா. "உந்த மாம்பழக் கதையை உம்மட்டையும் விட்டவரோ. பச்சைப் பொய்." தென்னோலைகளில் தலையை ஆட்டினா. ஒரு இடத்தில் விரல் நின்றது.

"என்ரை மனைவி எண்டு அவர் சொல்லமாட்டார்."

"அவ எண்டுதான் சொன்னவர் மாமி. அச்சுக்காக மாத்தினனான்."

"அதுதானே."

தேத்தண்ணி வந்தது. ஆறியது. மழை தொடங்கியது. முற்றத்தில் காயப் போட்டிருந்த பாயை யாரோ ஓடிப்போய் எடுத்தார்கள். ஞானாம்பிகை தலை நிமிரவில்லை. ஆறாம் பின்னேரத்துக்கு வந்துவிட்டா என்று விரல் போன விதத்தில் தெரிந்தது. முதலில் மெதுவாகப் போனது. பிறகு இன்னும் மெதுவாகப் போனது. அளவெட்டி, பள்ளிக்கூடம், திறப்புக்கோர்வை. பக்கத்தின் அடிக்கு வந்தது.

அங்கே நின்றது.

தனுசியா அரிசி மூட்டைகளை எண்ணினாள். ஏழு. திரும்ப எண்ணினாள்.

ஞானாம்பிகை கண்ணாடியைக் கழற்றினா. கண் காய்ந்திருந்தது. விரலைக் கடைசி வசனத்து 'மன்னிப்பு' என்ற சொல்லிலிருந்து எடுக்காமல் தனுசியாவைப் பார்த்தா.

"முப்பத்தைஞ்சு வருசமா அந்தச் சொல் அவற்றை வாயிலை வரேல்லை," என்றா. "உது அவர் சொன்னதோ பிள்ளை?"